வேல்பாண்டி வீட்டை மாடு தின்ற வருஷம்

மாவலிப்பட்டி வேல்பாண்டியின் வீட்டை மாடுகள் தின்னத் தொடங்கியது தை மாதம், மாட்டுப் பொங்கல் கழிந்து ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில். முதலில் வாய் வைத்தது பக்கத்து வீட்டு ராக்காயியின் செவலைப் பசு. அறுப்பு முடிந்து ஊரெல்லாம் வைக்கோல் கிடந்த நேரம். கட்டு நூற்றைம்பதுக்குக் கொடுத்தும் வாங்க ஆளில்லை. அப்படியிருக்க அந்தப் பசு, தன் தொழுவத்தில் கிடந்த புது வைக்கோலை மோந்துகூடப் பார்க்காமல், கயிற்றை அறுத்துக்கொண்டு போய், வேல்பாண்டி வீட்டு அடுப்படிச் சுவரின் மூலையில் ஒரு வாய் பிய்த்து, நின்று நிதானமாக மென்றது. அது செங்கல் சுவர். சிமெண்டு பூசி, பாசிப்பச்சைப் பெயிண்ட் அடித்தது. வேல்பாண்டியின் அப்பா கொத்தனாரைக் கண்ணயர விடாமல் கூடவே நின்று கட்டி வாங்கிய சுவர். மனிதன் கை வைத்தால் செங்கல், மாடு வாய் வைத்தால் வைக்கோல் என்பது ஊருக்குப் பிடிபட மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் அந்தப் பேச்சு ஓய்ந்து, எவர் மாட்டை எங்கே கட்டுவது என்ற பேச்சு வந்துவிட்டது.

மாசி பிறந்தபோது சுற்றுப்பட்டு மாடுகளுக்கெல்லாம் சேதி போயிருந்தது. மாட்டுக்கு மாடு எப்படிச் சேதி போகிறது என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை. விடியலில் எட்டுப் பத்து உருப்படிகள் ரேஷன் கடைக்கு வந்தவர்கள்போல வாசலில் வரிசையாக நிற்கும். மஞ்சுவிரட்டில் நாலு பேரைத் தூக்கிப் போட்ட காளை ஒன்றும் வந்து, தன் முறை வரும்வரை தலையைக் குனிந்துகொண்டு நின்றது. வேல்பாண்டி கம்போடு காவல் இருந்தான். ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் மெல்லும் சத்தம் கேட்கும். அடுப்படித் தென்சுவரில் ஓர் ஆள் நுழையும் ஓட்டை விழுந்தது. சிட்டுக்குருவிகள் நிலைக்கு மேலே கொத்திக் கொத்தி நார் எடுத்துப் போயின. வைக்கோல் என்றால் அமுங்கும், வீடும் அமுங்கியது. பங்குனிக்குள் மேல்தளம் ஒரு சாண் இறங்கி, வேல்பாண்டி தன் வீட்டுக்குள்ளேயே குனிந்து நடக்க வேண்டியதாயிற்று. தளத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பயந்து இறக்கி வைத்தார்கள். அவன் மனைவி ரோகிணி பாம்பைக் கையால் பிடிக்கிறவள், அவளே தீக்குச்சிக்கு நடுங்கினாள். அடுப்பை முருங்கை மரத்தடிக்குக் கொண்டுபோனாள், சாமி படத்துக்கு விளக்கு ஏற்றுவதை நிறுத்தினாள், புருஷனின் பீடியை ரோட்டுக்கு விரட்டினாள். ஆனால் தீயைவிட அவளை அரித்தது மழைதான். ஐப்பசியில் அடைமழை பிடித்தால், மூடாத வைக்கோல் என்ன ஆகும் என்று விவசாய வீட்டில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மக்கிப்போகும். அதற்குள் வீடு மறுபடியும் வீடாகாவிட்டால், புருஷனும் பெண்டாட்டியும் மரத்தடியில்தான்.

வேல்பாண்டி மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் ஏறினான். எந்த ஆபீஸ் என்பது முக்கியமில்லை, ஏறாத ஆபீஸ் இல்லை. கடைசியாக ஒரு மேசையில் இருந்த பெண் நல்ல மாதிரி. கம்ப்யூட்டரில் மாவலிப்பட்டியை எடுத்து, மானிட்டரை அவன் பக்கம் திருப்பினாள். வானத்திலிருந்து சேட்டிலைட் எடுத்த படம். கண்மாய், ரோடு, களம், எல்லாவற்றையும் சுற்றி ஒவ்வொரு கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் ஒரு பெயர். ராக்காயியின் ஓலைக் குச்சிலின் மேல்கூட ‘வீடு’ என்றிருந்தது. பக்கத்திலேயே அவனுடைய நாலு சுவரையும் சேர்த்து ஒரு கட்டம் போட்டு, ‘வைக்கோல் படப்பு’ என்றிருந்தது.

“யாரும்மா இப்படி எழுதுனது?”

“யாரும் எழுதலண்ணே. மெசினு தானாப் பாத்துச் சொல்லுறது. எட்டு நாளைக்கு ஒருக்கா படம் வருது, இம்புட்டையும் மனுசன் ஒக்காந்து பாத்து முடியுமா?”

அவன் மனுவை மடித்துக்கொண்டு திரும்பி வந்தான். வாசலில் சாணி பொறுக்கிக்கொண்டிருந்த ராக்காயி, ஊர் முழுக்க நினைத்து யாரும் வாய்விட்டுச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னாள். “துரும்பு போட்ட வீடுய்யா. துரும்பாப் போகாம வேற என்னவாப் போகும்?” வேல்பாண்டிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவளோடு சண்டைக்குப் போகவில்லை.

அந்தத் துரும்பின் கதை மூன்று வருஷம் பழையது. வேல்பாண்டிக்குக் கூடப் பிறந்தது ஒரே தங்கை, காளீஸ்வரி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அந்தப் பாசிப்பச்சைச் சுவரும் அதற்குள் இருந்த அண்ணனும்தான். காரைக்குடியில் லோடு ஆட்டோ ஓட்டிய செல்வத்துக்கு வாக்கப்பட்டு, ஏழு வருஷம் குறையில்லாமல் இருந்தாள். ஒரு நாள் விடியலில் செல்வம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அண்ணனோ தம்பியோ புதுச் சேலை கொண்டுவந்து தோளில் போர்த்தினால்தான், இவளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரியும். ஐந்து மணிக்கே மாவலிப்பட்டிக்குச் சேதி போயிற்று. திருப்பத்தூர் வந்து பஸ் மாறினால் ஒன்றரை மணி நேரப் பயணம். மணி பத்து ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, அண்ணனைக் காணோம். வந்திருந்த சனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. கடைசியில் செல்வத்தின் அக்காள் ஒருத்தி கொடியில் கிடந்த தன் சேலையை உருவி வந்து போர்த்தினாள். பிணத்தை எடுத்து, வீட்டைக் கழுவிவிட்ட பிறகு, மூன்று மணிக்கு வேல்பாண்டி கையில் மஞ்சள் பையோடு வந்து நின்றான். காளீஸ்வரி அவனைப் பையைக் கீழே வைக்கவும் விடவில்லை, வாயைத் திறக்கவும் விடவில்லை. பந்தலில் இருந்து ஒரு துரும்பை உருவி, இரண்டாகக் கிள்ளி, அவன் காலடியில் போட்டாள்.

எங்கள் பக்கம் அதற்கு மேல் ஒரு முறிவு கிடையாது. கோர்ட்டில் அறுத்தது ஒட்டினாலும் ஒட்டும், துரும்பு கிள்ளினது ஒட்டாது என்பார்கள். கிள்ளினவள் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. அங்கிருந்து வரும் நல்லது கெட்டது எதையும் காதில் வாங்கக் கூடாது. மற்றவர்களும் கொண்டுவந்து சொல்ல மாட்டார்கள், அது மரியாதை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வீட்டை வீடு என்று சொல்லவே கூடாது. பேச்சில் வந்தே தீர வேண்டும் என்றால் ‘அங்குட்டு’ என்று சொல்லிக் கையைக் காட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட வேண்டும்.

செல்வம் போன மறு வருஷம் காளீஸ்வரி செக்காலை ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கீழே டீக்கடையும் எவர்சில்வர் பாத்திரக் கடையும், மாடியில் கம்பெனி. பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய குமரப்பன் என்பவர் அதை நடத்தினார். முப்பது பெண்கள், முப்பது கம்ப்யூட்டர். சேட்டிலைட் படங்கள் துண்டு துண்டாக வரும். படத்தில் இருப்பதைச் சுற்றி மவுஸால் கட்டம் போட்டு, இது வீடு, இது கிணறு, இது வைக்கோல் படப்பு என்று பெயர் வைக்க வேண்டும். மொத்தம் ஏழே பெயர். இப்படி மூன்று லட்சம் கட்டம் காட்டினால், அதைப் பார்த்துப் படித்த மெஷின், அப்புறம் எந்த ஊர்ப் படத்தைக் கொடுத்தாலும் தானாகவே சொல்லிவிடும். வெளியூர்க்காரர்கள் இந்த வேலையைச் செய்தால் தடுமாறுவார்கள். நம் பெண்களுக்கு நிழல் தெரியும். மேலிருந்து பார்த்தால் கிணறும் வட்டம், தண்ணீர்த் தொட்டியும் வட்டம்; நிழல் உள்ளே விழுந்தால் கிணறு, வெளியே விழுந்தால் தொட்டி. பனை மரம் வெறும் புள்ளிதான், தரையில் அதன் நிழல்தான் பனை. வீட்டு நிழலின் ஓரம் அரிவாள்மணையில் நறுக்கியதுபோல இருக்கும், படப்பு நிழலின் ஓரம் பிசிறு தட்டும். அதுவும் சந்தேகமாக இருந்தால் தளத்தைப் பார்த்து, சேலை காய்கிறதா என்று பார்ப்பார்கள். சேலை காய்ந்தால் அது வீடு, வாதமே இல்லை.

ஒரு நாள் பதினொரு மணி வாக்கில், காளீஸ்வரியின் திரையில் மாவலிப்பட்டி வந்தது. கண்மாய்க் கரையின் வளைவைப் பார்த்ததுமே கண்டுகொண்டாள். ஊர் முழுக்க ஒழுங்காகக் கட்டம் போட்டாள். ராக்காயியின் குச்சிலுக்கு வீடு என்று போட்டாள். அதை ஒட்டி இருந்த சதுரத்துக்கு வந்தபோது மவுஸ் நின்றது. கட்டம் போட்டாள். ஏழு பெயரில் ஒன்றைத் தொட வேண்டும். வீடு என்பதைத் தொட அவள் விரல் ஒப்பவில்லை. விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை; பெயர் வைக்காத கட்டத்தை அந்த மெஷின் வாங்காது. துரும்புதானே என்று வைக்கோல் படப்பைத் தொட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். தப்பைக் கண்டுபிடிக்கத்தான் செக்கிங் என்று ஒன்று இருக்கிறது. செக்கிங்கில் இருந்தவள் மாரீஸ்வரி, நெற்குப்பைப் பக்கத்துப் பெண். செங்கல் வீட்டுக்குப் படப்பு என்று பெயர் இருப்பதைப் பார்த்தாள், கட்டம் போட்டவள் பெயரைப் பார்த்தாள், ஊரைப் பார்த்தாள். துரும்பு கிள்ளினவளிடம் போய் அதை வீடு என்று சொல்லு என்று எப்படிச் சொல்வது? மாரீஸ்வரிக்கு வளர்ப்பு அவ்வளவு கெட்டுப் போகவில்லை. பச்சை டிக் போட்டு அனுப்பினாள். உலகத்தில் வேறு எந்த ஊரில் இந்தத் தப்பு நடந்திருந்தாலும் அந்த மேசையோடு போயிருக்கும்.

மெஷின் படித்து முடித்து, தை மாதம் ஒரு திங்கட்கிழமை முதல் தடவையாகத் தானாகப் பார்த்துச் சொல்லியது. செவ்வாய்க்கிழமை ராக்காயியின் பசு கயிற்றை அறுத்தது. காளீஸ்வரிக்கு இது எதுவும் தெரியாது. அந்தப் பக்கத்துச் சேதியை அவள் காதில் போட ஆளில்லை என்று முன்பே சொன்னேன்.

சேதி பாலில் வந்தது. சுவர் தின்ற மாடுகளின் பாலில் வேறு குற்றம் இல்லை, தண்ணீர் சேர்த்தாலும் கெட்டியாகவே இருந்தது. ஆனால் அந்தப் பாலில் போட்ட டீயைக் குடித்த ஆண்களுக்குக் கூடப் பிறந்தவள் ஞாபகம் வந்தது. திருப்பத்தூரில் ஒரு ஆட்டோக்காரர், பதினொரு வருஷமாகப் பேசாத அக்காளுக்குப் போன் போட்டு, “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். வட்டிக்கடைக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மீன் வாங்கித் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். டீக்கடைக்காரர்கள் இஞ்சிதான் காரணம் என்று நினைத்து இஞ்சியைக் குறைத்தார்கள். ஆவணியில் செக்காலை டீக்கடைக்காரர் வழக்கமான பால்காரரோடு சடைத்துக்கொண்டு, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பாலுக்கு மாறினார். மறுநாள் பதினொரு மணிக்கு மாடிக்கு வந்த டீயில், செவலைப் பசு அடுப்படிச் சுவரில் தின்றதெல்லாம் இருந்தது.

காளீஸ்வரி ஒரு வாய் குடித்தாள். அம்மா குழம்பு தாளித்த புகை நாக்கில் பட்டது. இரண்டாவது வாயில், பச்சைப் பெயிண்டுக்கு முந்தி அந்தச் சுவருக்கு வருஷா வருஷம் அப்பா அடித்த சுண்ணாம்பு. மூன்றாவது வாயில், அவள் பத்து வயதில் அந்த மூலையில் முதுகை ஒட்டி நிற்க, வேல்பாண்டி அவள் தலைக்கு மேலே கரிக்கட்டையால் கோடு போட்டு, “குதிகாலத் தூக்காதடி கள்ளி” என்றது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, முப்பது பேர் பார்க்க அழுதாள். செல்வம் செத்தன்றுகூட அவள் அப்படி அழுததில்லை என்று மாரீஸ்வரி சொல்கிறாள். அழுது முடித்து, அந்த வாரத்து மாவலிப்பட்டிப் படத்தை எடுத்தாள். அந்தச் சதுரம் மூலை மழுங்கி, ஒரு பக்கம் கடிபட்டு, மஞ்சள் பூத்துக் கிடந்தது. நிழலின் ஓரம் பிசிறு தட்டியிருந்தது. தலையில் அவள் வைத்த பெயர் அப்படியே இருந்தது.

குமரப்பனிடம் போய் ஒளிக்காமல் சொன்னாள். அவர் கோபப்படவில்லை, ஆச்சரியப்பட்டார்.

“மூணு லட்சத்துல ஒண்ணு தப்பாப் போனா அதுக்கு ஒறைக்கவே ஒறைக்காதேம்மா. மத்த வீடெல்லாம் சரியாத்தான் சொல்லுது. இந்த ஒண்ண மட்டும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு.”

“பேரை மாத்திருங்க சார்.”

“நாம சொல்லித்தர்ற காலம் முடிஞ்சு போச்சு. இனி யாரு சொன்னாலும் கேக்காது, மேல இருந்து கண்ணால பாத்தாத்தான் நம்பும். எதைப் பாத்தா வீடும்பீங்கன்னு அதுக்குச் சொல்லித்தந்தது நீங்கதானே. அதைக் காட்டுங்க.”

நிழலைக் காட்ட முடியாது, அது பிசிறிப்போயிற்று. தொட்டியை ஏற்றினால் தளம் தாங்காது. மிச்சம் சேலைதான். படப்பின் மேல் யாரும் சேலை காயப்போட மாட்டார்கள், உடம்பெல்லாம் அரிக்கும். ஆனால் காளீஸ்வரி வைராக்கியக்காரி. அழுதவள்தான், அதற்காக வாசலை மிதிக்கிற எண்ணம் இன்னும் வரவில்லை. ராக்காயிக்குப் போன் போட்டு, சேட்டிலைட் கடக்கிற நாளையும் நேரத்தையும் சொல்லி, பத்தே முக்காலுக்கு ‘அங்குட்டு’ மேலே ஒரு சேலையை விரிக்கச் சொன்னாள். ராக்காயி தன் நல்ல சேலையை விரித்தாள். மெஷின் அசையவில்லை. எட்டு நாள் கழித்து ரோகிணியின் கல்யாணப் பட்டை விரித்தார்கள், அதற்கும் அசையவில்லை. மேலிருந்து பார்ப்பதற்கு எவள் விரித்தது என்று எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். குமரப்பனும் கேட்டார். தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு ராக்காயி போனில் கொஞ்சம் காட்டமாகவே பேசினாள்.

“இந்தா காளி, நீ கிள்ளிப் போட்ட துரும்ப நான் குனிஞ்சு எடுக்க முடியுமாத்தா? நேத்து மேக்க மின்னிருச்சு. ஒங்க அண்ணன் மழைக்கு முன்னாடி தார்ப்பாய் வாங்கணும்னு திரியுறாரு. வாரதுன்னா வா, இல்ல மக்கட்டும்னு விட்டுரு.”

புரட்டாசி கடைசிப் புதன்கிழமை, காளீஸ்வரி அரை நாள் லீவு சொல்லிவிட்டு முதல் பஸ் ஏறினாள். மாவலிப்பட்டி விலக்கில் இறங்கி நடந்து, வீட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் பார்த்த வீடு தலை உயரத்துக்குத்தான் இருந்தது. தென்சுவரில் இருந்த கரிக்கோடுகளில் பத்து வயதுக் கோடு வரைக்கும் மாடு தின்றிருந்தது. வயலில் இருந்து வந்த வேல்பாண்டி அவளைப் பார்த்துவிட்டு, மண்வெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றான். ரோகிணிதான் முதலில் பேசினாள். “வாங்க காளி. வெயில்ல நிக்காதீக.” ஆனால் காளீஸ்வரி வாசலுக்கு வெளியேதான் நின்றாள். வேல்பாண்டி மண்வெட்டியோடேயே குனிந்து உள்ளே போய், ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்த அதே பை. உள்ளே வெங்காயத் தோல் நிறத்தில் ஒரு சேலை, கடை மடிப்புக் கலையாமல் இருந்தது.

“அன்னைக்கு எட்டு மணிக்கே இதை வாங்கிட்டேன் தாயி,” என்றான். “திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுலதான் ஒக்காந்திருந்தேன். ஒவ்வொரு பஸ்ஸா வந்துச்சு, போச்சு. என்னால ஏற முடியல. ஒன்னைய அந்தக் கோலத்துல பாக்க எனக்குத் தெம்பு இல்ல.”

“இதை அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான?”

“நீதான் கிள்ளிப் போட்டுட்டியே.”

“நான் சபையில ஆளில்லாதவளா ஒக்காந்திருந்தேண்ணே. எல்லாரும் வாசலவே பாத்துக்கிட்டிருந்தாக.”

“தெரியும். மூணு வருசமாத் தெரியும்,” என்று சொல்லிவிட்டு, அந்த ஆள், நாற்பத்திரண்டு வயது மனுஷன், மண்வெட்டியோடு அழுதான். காளீஸ்வரிக்குக் கோபம் முழுதாகப் போய்விடவில்லை. போகக் கூடியதும் இல்லை. ஆனால் ஆறு மணி நேரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். இத்தனை நாள் அவன் வராததை மட்டும்தான் நினைத்திருந்தாள். படியேறி வந்து, தலையைக் குனிந்து நின்றாள். வேல்பாண்டி சேலையைப் பிரித்து அவள் தோளில் போர்த்தினான். ரோகிணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள், காளீஸ்வரி வாங்கிக் குடித்தாள். துரும்பு போட்டவள் அந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கம் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பத்தரைக்குச் சேலையை நனைத்துப் பிழிந்து, ஏணி வைத்துத் தளத்தில் ஏறினாள். கால் வைத்த இடமெல்லாம் மெத்தைபோல அமுங்கியது. நீளவாக்கில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து இறங்கினாள். பத்தே முக்காலுக்கு மூவரும் ராக்காயியும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் தெரியவில்லை, ஒரு காக்கைதான் போயிற்று. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் செவலைப் பசு வழக்கம்போல வந்து தென்சுவரில் வாய் வைத்து, ஒரு மெல்லு மென்று, காரைக் கட்டியைத் துப்பிவிட்டு ராக்காயியை முறைத்தது. ராக்காயி உடனே போன் போட்டாள். அதனால் மறுநாள் கம்பெனியில் குமரப்பன் மானிட்டரைத் திருப்பி, அந்தக் கட்டத்தின் தலையில் ‘வீடு’ என்று இருப்பதைக் காட்டியபோது, காளீஸ்வரிக்கு அது பழைய சேதி. ஐப்பசி ஒன்பதாம் தேதி மழை பிடித்து நாலு நாள் விடாமல் பெய்தது. வீடு ஒழுகவில்லை. தளம் மட்டும் பழைய உயரத்துக்கு ஏறவில்லை. வேல்பாண்டி இன்னும் குனிந்துதான் போகிறான், பழகிவிட்டது. ஆள் நுழையும் ஓட்டைக்குக் கதவு வைத்துக்கொண்டார்கள். திருப்பத்தூர் டீயில் சுவை குறைந்துவிட்டதாகப் பேச்சு. ஆட்டோக்காரரின் அக்காள், தம்பி போன் வரவில்லையே என்று இப்போது தானே போன் போடுகிறாளாம்.

ஆனால் அந்த மெஷினுக்கு நேற்றைய ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்க்கும். சேலை இருந்தால் வீடு, இல்லாவிட்டால் படித்த பாடம். ஆகையால் எட்டு நாளைக்கு ஒரு தடவை காளீஸ்வரி வர வேண்டியிருக்கிறது. குமரப்பன் அன்றைக்கு அரை நாள் லீவு கொடுத்துவிடுகிறார். அந்த நேரம் வேல்பாண்டி வயலில் இருப்பான், ரோகிணி நூறு நாள் வேலைக்குப் போயிருப்பாள். சாவி அம்மிக்கு அடியில் இருக்கும். அவளே திறந்து, சேலையை நனைத்து விரித்து, மூடி வைத்திருக்கும் சோற்றைச் சாப்பிட்டு, காய்ந்ததும் மடித்து வைத்துவிட்டு, பன்னிரண்டரை பஸ்ஸுக்குப் போய்விடுவாள்.

இந்த வருஷம் மாசியில் ஒரு தடவை அவள் வரவில்லை. வராதது வீட்டில் யாருக்கும் தெரியாது. சோற்றுப் பானை திறக்காமல் இருந்ததை ரோகிணி கவனித்தாள், வேலை இருந்து சாப்பிடாமல் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் விடியலில் செவலைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து தென்சுவரில் வாய் வைத்தது, துப்பவில்லை. பல் விளக்கிக்கொண்டிருந்த வேல்பாண்டி அந்த மெல்லும் சத்தத்தைக் கேட்டான். மாட்டை விரட்டவில்லை. வாயைக் கொப்பளித்து, கையில் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் நகர ஆரம்பித்த காரைக்குடி பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். ஏழரை மணிக்குள் செக்காலையில் அவள் குடியிருந்த மாடிப்படியில் ஏறிக் கதவைத் தட்டினான். மூன்று நாள் காய்ச்சலில், போனில் சார்ஜ் போடவும் எழுந்திருக்க முடியாமல் கிடந்த காளீஸ்வரி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். கையில் பை இல்லை, ஒன்றும் இல்லை, சட்டைப் பொத்தான் ஏறுமாறாக மாட்டியிருக்க, மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணன் நின்றான்.

“மாடு வாய் வச்சிருச்சு தாயி,” என்றான். “ஒனக்கு என்ன செய்யுது?”

இப்போது அவள் தேறிவிட்டாள். எட்டு நாளைக்கு ஒரு தடவை சேலை காய்கிறது, கட்டத்தின் தலையில் வீடு என்றே இருக்கிறது. தென்சுவரில் மாடு கடைசியாக வாய் வைத்த பள்ளத்தை மட்டும் இன்னும் பூசவில்லை. கொத்தனார் இரண்டு தடவை சிமெண்டோடு வந்து நின்றார். வேல்பாண்டி வேண்டாம் என்று அனுப்பிவிட்டான். மாட்டுக்கு இடம் தெரிய வேண்டும் என்கிறான்.